கவலைக் கிணறும் வளவும்: காலனிய காலக் கொங்கு நாட்டில் சாதி அடுக்கு

(கோவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொங்கு நாட்டின் பெருமையைப் பேசும் கூட்டங்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. பஞ்சாலை, பம்புசெட்டு, காங்கேயம் காளை, சிறுவாணித் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது. அவற்றில் எதுவும் பொய்யில்லை. நான் இன்று பேச வந்தது அந்தப் பெருமைகளுக்கெல்லாம் அடியில் இருந்த மனிதர்களைப் பற்றி. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இங்கே சாதி அடுக்கு எப்படி இயங்கியது? அந்த ஆட்சி அதைத் தளர்த்தியதா, இறுக்கியதா? ஒரு பகுதி மக்கள் நிலத்திலும் கல்வியிலும் பின்தங்கி நின்றது எதனால்? இவற்றைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் கையில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். கவலையில் பூட்டி நீர் இறைத்த தோல் பறிதான் அந்தப் பொருள்.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் கவலை இறைப்பைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கொங்கு நாடு மழை மறைவுப் பூமி. நொய்யலும் பவானியும் அமராவதியும் ஓடினாலும், ஆற்றங்கரையை விட்டு இரண்டு கல் தள்ளிப் போனால் கிணறுதான் கதி. பாறையை உடைத்து ஆழத்தில் கண்ட தண்ணீரை மேலே கொண்டுவர ஒரு ஜோடி எருது வேண்டும், சரிவான வாரி வேண்டும், வடக்கயிறு வேண்டும், தோலில் தைத்த பறி வேண்டும். எருது வாரியில் இறங்க இறங்கப் பறி மேலே வரும். அதன் அடியில் இருக்கும் தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிற்காலத்தில் இரும்புச் சால் வந்தபோதும் வால் மட்டும் தோலாகவே இருந்தது. இருட்டோடு ஆரம்பித்து வெயில் ஏறும்வரை இறைத்தால்தான் ஒரு பாத்தி வரிசை நனையும்.

அந்தத் தோலை உரித்து, ஆவாரம்பட்டை ஊறலில் பதப்படுத்தி, வெட்டி, தண்ணீர் ஒழுகாமல் தைத்தவர்கள் மாதாரிகள். இன்று அருந்ததியர் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் மக்கள். கோடையில் பயிர் காயும் நேரத்தில் பறி கிழிந்தால் மறுநாளே தைத்தாக வேண்டும். அதனால் கிணறுள்ள ஒவ்வொரு தோட்டத்தோடும் ஒரு மாதாரிக் குடும்பம் பிணைந்திருந்தது. தோட்டத்தில் செத்த மாட்டை அவர்கள் எடுத்துப்போக வேண்டும். அந்தத் தோல் அவர்களுக்கு. பதிலுக்குப் பறி, வார், சாட்டை, வீட்டாருக்குச் செருப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆண் கவலை ஓட்டுவார், மனைவி கட்டுத்தரை கூட்டிச் சாணி அள்ளுவார், பையன் ஆடு மேய்ப்பான். கூலி பெரும்பாலும் தவசமாக வரும், கம்பும் சோளமும் ராகியும். நோம்பி நாளில் சோறும் துணியும் கிடைக்கும். இடையில் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய முன்பணம் மட்டும் தீராமல் அடுத்த ஆண்டுக்கு நீளும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு, ஆடு மேய்க்க விடப்பட்ட அந்தப் பையன்களின் உலகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பது வயது மாதாரியைத் தோட்டக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லி வாடா போடா என்று கூப்பிடும். அந்தப் பெரியவர் கைகட்டி ‘சின்னப் பண்ணாடி, சொல்லுங்க சாமி’ என்பார். இதை ஏதோ பழங்கால நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அந்தப் பிள்ளையாக இருந்திருப்போம். சிலர் அந்தப் பெரியவரின் பேரப் பிள்ளைகளாகவும் இருப்பீர்கள்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். பறி தைத்தவர் அந்தக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு குடிக்க முடியாது. யாராவது தூக்கி ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். இல்லாவிட்டால் தம் குடியிருப்பான வளவுக்குப் போய், கோடையில் வற்றிப்போகிற ஊற்றைத் தேட வேண்டும். கேட்டால் தீட்டு என்பார்கள். அந்தத் தீட்டைக் கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். செத்த மாட்டின் தோல் தீட்டென்றால் பறி நாள் முழுக்க அந்தக் கிணற்றுக்குள்தானே முங்கி எழுந்தது? இறைக்கும் நேரத்தில் வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அள்ளிக் குடிக்காத உழவர் யார்? தோல் கிணற்றுக்குள் போகலாம், தோலைத் தைத்தவர் போகக்கூடாது. இந்த விதியில் சுத்தம் அசுத்தம் பற்றிய தர்க்கமே கிடையாது. ஒரு மனிதனைத் தன் வேலையிலேயே, தன் இடத்திலேயே நிறுத்தி வைக்கும் ஏற்பாடுதான் இருக்கிறது. என் பேச்சின் மையம் இதுதான். கொங்கு நாட்டில் சாதி அடுக்கு சாஸ்திரத்தைவிட அதிகமாக நிலத்தையும் தண்ணீரையும் உழைப்பையும் பிடித்துக்கொண்டு நின்றது.

இந்த அடுக்கை வெள்ளைக்காரர் உண்டாக்கவில்லை. அவர்களுக்கு முன்பே அது இருந்தது. கோனேரின்மைகொண்டான் பெயரில் வெளியான ஆணை ஒன்று கொங்குப் பகுதிக் கல்வெட்டுகளில் இருக்கிறது. இப்பகுதிக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகளை அது தருகிறது. நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். செருப்புப் போட ஒரு கைவினைஞனுக்கு அரச ஆணை தேவைப்பட்டது என்றால், ஆணை வருவதற்கு முந்திய நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். அடுத்தது வலங்கை இடங்கைப் பிரிவினை. 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் 1972-இல் வெளியிட்ட நூல், அந்தப் பிரிவினையின் தடம் அப்போதும் கொங்குக் கிராமங்களில் தெரிந்ததைக் காட்டியது. நிலத்தோடு ஒட்டிய கவுண்டரும் அவர்களுக்குப் பணி செய்த சாதிகளும் வலங்கையில், ஆசாரிகளும் வணிகரும் நெசவாளரும் இடங்கையில். பறையர் வலங்கை, மாதாரி இடங்கை. ஒடுக்கப்பட்டவர்களையும் அந்தப் பிரிவினை இரண்டு கூறாக்கி ஒருவரை ஒருவர் கீழாகப் பார்க்க வைத்தது.

இங்கே ஒரு முரணையும் சொல்ல வேண்டும். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் குடிமகன் எனப்படும் நாவிதர். குடிமகன் வாழ்த்தாமல் கல்யாணம் நிறைவதில்லை. அவ்வளவு மங்கலமான இடத்தில் வைக்கப்பட்டவர் அதே வீட்டுப் பந்தியில் சமமாக உட்கார முடியாது. சடங்கில் கிடைத்த மரியாதை சமத்துவமாக மாறவே இல்லை. ‘எங்கள் ஊரில் எல்லாச் சாதிக்கும் கோயிலில் ஒரு முறை உண்டு, ஆகவே அந்தக் காலத்தில் ஒற்றுமையாக இருந்தோம்’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் கோவைச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் இவ்வழியாக வந்து, பயிர், கூலி, சாதி எல்லாவற்றையும் ஊர் ஊராக விசாரித்து எழுதினார். 1815 முதல் 1830 வரை இங்கே கலெக்டராக இருந்தவர் ஜான் சல்லிவன். நாம் அவரை உதகையோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். ரயத்துவாரி முறைக்காக உறுதியாக நின்றவர் அவர். ஜமீன்தார் இல்லாமல் உழவனோடு அரசு நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறை அது. உழவனுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டா யார் பெயரில் எழுதப்பட்டது? கவலை ஓட்டியவர் பெயரில் இல்லை. கிணறு தோண்டியவர் பெயரிலும் இல்லை. வழக்கத்தில் ‘இது அவர்கள் நிலம், இவர்கள் அவர்களது ஆட்கள்’ என்று இருந்ததைக் கச்சேரி முத்திரையோடு கூடிய பத்திரமாக மாற்றியது கம்பெனி ஆட்சி. வழக்கத்தோடு வாதாடலாம். பத்திரத்தோடு வாதாட வக்கீல் வேண்டும்.

அதற்குப் பின் வந்த நன்மைகள் எல்லாம் அந்தப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தன. கிணறு வெட்ட அரசு கடன் தரும் நில அபிவிருத்திக் கடன் சட்டம் 1883-இல் வந்தது. நிலம் உள்ளவருக்குத்தான் கடன். 1887-இல் கோவை மாவட்டக் கையேட்டைத் தொகுத்த எஃப். ஏ. நிக்கல்சன் இங்குள்ள கிணற்றுப் பாசனத்தை நன்கு அறிந்தவர். நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வித்திட்ட அறிக்கையை எழுதியவரும் அவரே. நல்ல மனிதர், கடன் சுமையில் தவித்த உழவனுக்காக உண்மையாகவே கவலைப்பட்டவர். அந்தத் திட்டங்களிலும் ஈடு காட்ட ஒன்றுமில்லாத பண்ணையாளுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்படித்தான் ஒரு தலைமுறையின் இல்லாமை அடுத்த தலைமுறைக்குத் தகுதியின்மையாகப் போய்ச் சேர்ந்தது. பின்தங்கிய நிலை என்று நாம் சொல்வது பிறவியில் வந்ததில்லை. பட்டாவிலும் கடன் விண்ணப்பத்திலும் பள்ளிச் சேர்க்கையிலும் ஒவ்வொரு படியாகக் கட்டப்பட்டது.

பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலமும் கோவையும் கடுமையாக அடிபட்டன. கிணறு வற்றினால் கவலை நிற்கும். கவலை நின்றால் பண்ணையாளுக்குத் தவசம் நிற்கும். முதலில் செத்தவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பிழைத்தவர்களில் பலர் மலையேறினார்கள். நீலகிரிக்கும், பிறகு ஆனைமலையில் காடழித்துத் திறந்த தேயிலைத் தோட்டங்களுக்கும், கடல் தாண்டி இலங்கைக்கும் கங்காணிகள் பின்னால் போனார்கள். பண்ணாடியிடமிருந்து தப்பித்தவர்களைத் துரையின் முன்பணம் பிடித்துக்கொண்டது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகும் ஆளைத் தண்டிக்க 1859-இல் போட்ட சட்டம் 1920-களின் நடுவில்தான் நீக்கப்பட்டது. ஆனாலும் மலைக்குப் போன பலருக்கு முதல்முறையாகக் காசாகக் கூலி கிடைத்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இங்கே பரவியது. அதற்குத் தண்ணீர் அதிகம் தேவை. எனவே கிணறுகள் பெருகின, கவலைகள் பெருகின. அந்தப் பருத்தியும், 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலையும், பின்னால் வரிசையாக வந்த ஆலைகளும் சேர்ந்துதான் இந்த நகரத்தை உண்டாக்கின. ஆலை முதலாளிகள் பலருடைய குடும்பம் தோட்டத்திலிருந்து வந்தது. அந்தத் தோட்டத்தின் மூலதனம் கிணற்றில் ஊறியது. அந்தக் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது தோல் பறி. நகர வரலாறு எழுதுபவர்கள் பஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் இரண்டு படி கீழே இறங்கிப் பறியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

அரசியலுக்கு வருவோம். பிராமணரல்லாதார் இயக்கத்தின் முதல் மாநாடு 1917 ஆகஸ்டில் இந்தக் கோயம்புத்தூரில்தான் கூடியது. பின்னாளில் பனகல் அரசர் என்று பெயர் பெற்ற ராமராயநிங்கார் தலைமை தாங்கினார். உத்தியோகத்திலும் கல்லூரியிலும் ஒரு சாதியே நிறைந்திருந்த அநியாயத்தை அந்த இயக்கம் உடைத்தது. அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதேநேரம் கொங்குக் கிராமத்தில் வளவுக்காரரைக் கிணற்றில் தடுத்து நின்றவர் பெரும்பாலும் பிராமணர் இல்லை. இங்கே கிராமங்களில் அவர்கள் எண்ணிக்கையே குறைவு. நிலம் வைத்திருந்த பிராமணரல்லாதாரே நின்றார்கள். இந்த உண்மையை அன்றைய தலைவர்கள் பலர் தொடத் தயங்கினார்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான எம். சி. ராஜா 1923-இல் அந்த இயக்கத்தின் கட்சியான நீதிக்கட்சியை விட்டு விலகியதற்குப் பின்னால் இந்த மனவருத்தம் இருந்தது.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கவும், பொது அலுவலகத்துக்குள் போகவும் எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்பது தீர்மானம். அது நிறைவேறியது. ஆனால் தடுப்பவரைத் தண்டிக்க அதில் வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உள்ளாட்சிச் சட்டங்களில் திருத்தம் கேட்டு மசோதா கொண்டுவந்தவர் நம் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன். ஒடுக்கப்பட்ட மக்களின் நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்தில் இருந்தவர். இந்த ஊரில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது, தெருப் பெயர் இருக்கிறது. தெருவில் நடக்கும் உரிமைக்காகவே வாதாடிய வீரையன் பெயர் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாது. இது நம் ஊருக்குப் பெருமை சேர்க்கும் விஷயமில்லை.

பக்கத்து ஈரோட்டில் 1925-இல் பெரியார் ‘குடி அரசு’ தொடங்கினார். 1929-இல் சுயமரியாதை இயக்கத்தார் தாழ்த்தப்பட்ட தோழர்களோடு ஈரோடு ஈஸ்வரன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் பூட்டப்பட்டது, வழக்குப் போட்டார்கள். மதுரை மீனாட்சி கோயில் நுழைவுக்குப் பத்தாண்டு முந்தைய செய்தி இது. அந்த நாட்களில் காங்கிரஸ் பக்கமும் வேலை நடந்தது. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் ஆரம்பத்திலேயே ஹரிஜன மாணவரைச் சேர்த்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு ஒரே இடத்தில் தங்கவும் உண்ணவும் வைத்தது. 1934 பிப்ரவரியில் காந்தி தம் ஹரிஜன யாத்திரையில் இங்கே வந்தார். இரு தரப்புக்கும் சண்டை எவ்வளவோ இருந்தது. நான் அதில் யாருக்கும் நடுவர் இல்லை. ஒரு பையனைப் பந்தியில் உட்கார வைத்த வேலையை யார் செய்தாலும் அது பெரிய வேலை என்பதே என் எண்ணம்.

சட்டமும் இயக்கமும் செய்யாத ஒன்றை மின்சாரம் செய்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பின் தோட்டம் தோட்டமாகப் பம்புசெட்டு ஏறியது. கவலை நின்றது, பறி தேவையில்லை, ஆண்டுக் கணக்கில் ஆளைக் கட்டிவைத்த பண்ணையமும் மெல்ல முடிந்தது. மாதாரிக்கு விடுதலை என்று சொல்லலாம். முன்பணத்துக்காகத் தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர் கூலிக்கு விரும்பிய இடம் போகலாம் என்றானது. ஆனால் நோம்பிச் சோறும் தவசமும் அதோடு போயின. நிலம் வரவில்லை. கைத்தொழிலும் போய்விட்டது. கயிறு அறுந்தது, கிணறு மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. பம்புசெட்டு வந்து பல ஆண்டு கழித்தும் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததே, எதைக் காப்பாற்ற? தைக்கப் பறி இல்லாத நாளிலும் தீட்டு மட்டும் மிச்சம் இருந்தது என்றால் அது தோலைப் பற்றியதாக ஒருநாளும் இருக்கவில்லை.

நகரத்துக்கு வந்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1866-இல் கோவை நகராட்சி உருவானது. கிராமத்தில் செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்களிடமே நகரத்தின் மலத்தையும் குப்பையையும் அப்புறப்படுத்தும் வேலை வந்து சேர்ந்தது. புதிய காலம், புதிய அலுவலகம், சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு. வேலை மட்டும் பழைய சாதிக் கணக்குப்படி. இன்று காலை நீங்கள் வரும் வழியில் சாலையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவின் குடும்பம் எந்த வளவிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மாதாரியின் பேத்தியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2009-இல் வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ‘எத்தனை நாளைக்கு இந்தச் சலுகை’ என்று என்னிடமும் கேட்கிறார்கள். 1883-இல் கிணற்றுக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு அந்தக் கடன் எத்தனை தலைமுறை பலன் கொடுத்தது என்று எண்ணிவிட்டுப் பிறகு கேளுங்கள். கொங்கு வேளாளரும் 1975-இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தவர்களே. கல்வியிலும் உத்தியோகத்திலும் தாங்கள் பின்தங்கியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்று அவர்கள் வாதாடினார்கள், அது ஏற்கப்பட்டது. அந்த வாதத்தை வளவுக்கும் ஒப்புக்கொள்வதில் என்ன தடை?

முடிப்பதற்கு முன் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பரணில் இருக்கும் பழைய பண்ணையக் கணக்கு நோட்டுகளையும் முன்பணச் சீட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தக் குடும்பம் எவ்வளவு தவசம் வாங்கியது, எந்த வருஷம் எவ்வளவு முன்பணம் நின்றது என்பதற்கு வேறு ஆவணம் இல்லை. ஒரு கல்லூரி வரலாற்றுத் துறையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் தாத்தாவைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. பறி தைத்தவர்களின் பெயர் ஓரிடத்திலாவது எழுதி இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். மாணவர்களுக்கு இரண்டாவது காரியம். கவலை ஓட்டியவர்களும் பறி தைத்தவர்களும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எல்லாருக்கும் எண்பது வயதுக்கு மேல். உங்கள் கையில் இருக்கும் செல்பேசியே போதும். வளவுக்குப் போய், அவர்கள் பக்கத்தில் சமமாக உட்கார்ந்து, ஐயா என்றும் அம்மா என்றும் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள்.